சேதாரம்

பெட்டி கனமாக இல்லை. அதுவே முதல் சந்தேகம்.
நாலாயிரத்து அறுநூறு ரூபாய் கொடுத்தால்
செவ்வாய்பேட்டையில் கையில் ஏதாவது கனக்கும்.

உள்ளே பதினான்கு சட்டங்கள்.
வார்ப்பிலிருந்து வந்த கொலுசு முத்துகள்
குச்சியில் ஒட்டிக்கொண்டு நிற்குமே,
அப்படி விரல், தோள், தொடை, கால்.
பதினெட்டு மீட்டர் என்கிறது படம்,
மேஜையில் நின்றால் ஒரு சாண்.
கையேடு முழுக்க ஜப்பான் எழுத்து,
எண்கள் மட்டும் என்னோடு பேசின.

பட்டறைக் கட்டரையே எடுத்தேன்.
ஒட்ட வெட்டினால் பிளாஸ்டிக் வெளுத்துப்போகிறது.
அடிபட்ட தோல் கறுக்கும், இது வெளுக்கிறது.
கொஞ்சம் விட்டு வெட்டி, அரத்தால் இழைத்து,
கண்ணை மூடி நகத்தால் தடவ வேண்டும்.
நகம் தடுக்கினால் திரும்ப இழை.
வெள்ளியிலும் இதுதான் விதி.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன்.
கழுத்தோர மஞ்சள் பட்டை பெயின்ட் இல்லை, தனித் துண்டு.
முழங்காலை மடக்கினால் தொடைத்தகடு
தானே நகர்ந்து வழிவிடுகிறது:
வரைந்தவர் ஒருமுறையாவது
குத்துக்காலிட்டு உட்கார்ந்து பார்த்திருக்கிறார்.
நெஞ்சுக் கதவைத் திறந்தால்
புளியங்கொட்டை அளவில் ஓர் ஆள்.
முகமில்லை. இருக்கையில் பெல்ட் இருக்கிறது.
இத்தனை பீரங்கிகளுக்கு நடுவே
பெல்ட் போட்டுவிட யாருக்கோ ஞாபகம் வந்திருக்கிறது.

முன்கையில் இரு பாதியும் சேரும் கோடு
அப்பட்டமாகத் தெரிகிறது. சோம்பல்.
பத்து விரலும் தனித்தனியாக அசைகின்றன,
துப்பாக்கியை மட்டும் பிடிக்க மாட்டேனென்கின்றன.
இது குறைதானா என்று
இன்னும் முடிவு செய்யவில்லை.

முதுகில் அந்த இறக்கைச் சுமையை மாட்டியதும்
கணுக்கால் தெரிந்துவிட்டது.

பதினோரு வருஷமாகக் கணுக்காலுக்குத்தான் வேலை செய்கிறேன்,
கண்ணில் பட்டதெல்லாம் கால் இல்லாத வட்டங்கள்.
வளையத்துக்கு வளையம் பொடி வைத்து ஊதி, ஊதி,
எந்த இணைப்பு எந்த மாதம் விடும் என்று
விரலே சொல்லும்.
இந்த உருண்டை மூட்டு
எட்டாவது அசைவில் விட்டது.
ராத்திரி ஒன்றேகாலுக்கு
மார்க்கெட் ஸ்டேஷன் பக்கம் சரக்கு வண்டி போன அதிர்வில்
வீரன் குப்புற விழுந்தான்.
கொம்பு ஒன்று கட்டிலுக்கடியில் போனது,
இன்னும் கிடைக்கவில்லை.

மறுநாள் என் தட்டிலிருந்து
ஊசிக் கனத்தில் வெள்ளிக்கம்பி, இரண்டு துண்டு.
கர்ச்சீப்பில் முடிந்துகொண்டேன்.
சாப்பாட்டு நேரத்தில் வீட்டுக்கு ஓடி
குழிக்குள் சுற்றி, உருண்டையை அழுத்தினேன்.
டிக்.
பிளாஸ்டிக் அப்படிச் சொல்லாது.
சுமையோடு, ஒரு காலை முன்னே வைத்து நின்றது.
நானும் சோறு மறந்து நின்றேன்.

சாயந்திரம் மாதேஸ்வரன் தராசை இறக்கினார்.
துடைத்த துணியை எரித்துச் சாம்பலை நிறுப்பவர் அவர்.
நூறு மில்லி குறைந்தது.
ஒரு டீக்காசுதான்,
ஆனாலும் முள் என்னைத்தான் பார்த்தது.
"சேதாரமா, ரேவம்மா?"
வாயில் ஆமாம் வந்து நின்றது.
பட்டறையில் எல்லாவற்றுக்கும் அந்தச் சொல் போதும்:
ஆவியானதற்கு, தரையில் சிந்தியதற்கு,
செருப்பில் ஒட்டிப்போனதற்கு.
"இல்லைங்க" என்றேன், "நிக்குது."

அவருக்குப் புரியவில்லை.
சனிக்கிழமைக் கூலியில் பிடித்துக்கொண்டார், அது நியாயம்.
ஜோதி மட்டும் மீனா தீட்டுவதை நிறுத்திவிட்டு
எது நிக்குது, எது நிக்குது என்று
தெருமுனை வரை வந்தாள். சொல்லவில்லை.

மதிப்பெண் வேண்டுமென்றால் பத்துக்கு ஆறரை.
ஒற்றைக் கொம்புக்காகக் குறைக்கவில்லை,
அது ரயில்வேயின் தவறு.
கணுக்காலையும் சேர்க்கவில்லை.
அது என்னுடையது.